அறுபத்தோராம் பக்கம்

நூற்றாண்டு மலருக்கு இரண்டு பக்கம் போதும் என்றார்
உளவியல் துறைத்தலைவர்.
ஒன்று புகைப்படங்களுக்குப் போய்விடும்.
மீதியில் வரலாறு.

முப்பத்தோரு வருடமாக இந்த மேசையில்
முனைவர் பட்ட விண்ணப்பங்களுக்கு முத்திரை குத்துகிறேன்.
நான் படித்தவள் அல்ல.
சாவிகள் என்னிடம் இருக்கின்றன, அவ்வளவுதான்.

ஆரம்பத்தில் கட்டடம் இல்லை.
ஸ்கார்விக் வேளாண் கல்லூரியில்
விதைக்கிழங்கு அடுக்கிய நிலவறையை
ஹால்வார்ட் ட்வைட் கேட்டு வாங்கினார்.
இருபத்துநான்காம் வருடம், மார்ச்,
டகோட்டா சமவெளியில் இடுப்பளவு பனி.
ஒரு பித்தளைக் கடிகாரம், பதினேழு எலிகள்,
மூன்று மாணவர்கள்.
மனதை அளக்கப் போகிறேன் என்றாராம்.
கோதுமை அளந்து பழகிய ஊர்
எந்த மூட்டையில் கட்டுவீர்கள் என்று கேட்டதாம்.

முதல் பட்டம் ஒரு பெண்ணுக்கு.
லியோட்டா பெர்க்ஸெத்.
மலரில் இதைப் பெரிய எழுத்தில் போடச் சொல்லியிருக்கிறார்கள்.
அவருக்கு இங்கே வேலை தரவில்லை என்பதை
எந்த எழுத்தில் போடுவது?
பதினெட்டு வருடம் நூலகத்தில் அட்டை எழுதினார்,
தனக்குப் பின்னால் பட்டம் வாங்கிய ஆண்களின்
ஆய்வேடுகளுக்கெல்லாம்.

போர் முடிந்ததும் பணம் வந்தது.
காபிக் கோப்பையை இரண்டு கையால் பிடிக்கும் இளைஞர்கள்
ரயிலிலிருந்து இறங்கினார்கள்.
எலிகளுக்கு மேல்மாடி, ஜன்னல், வெயில்.
மனிதர்கள் நிலவறைக்கு.

இருநூற்றுப் பன்னிரண்டு ஆய்வேடுகள்.
கறுப்பு அட்டை, பொன்னெழுத்து.
தூசி தட்டுவதும் என் வேலைதான் என்று
யாரும் சொல்லவில்லை, ஆனாலும் தட்டுவேன்.

தொண்ணூற்றாறு, ஏப்ரல், பனி கரையும் வாரம்.
பூட்ஸில் சேற்றோடு ஒருவர் வாசலில் நின்றார்.
தானியக் கிடங்கில் எடை போட்டு
ஓய்வு பெற்றவர்.
எமில் ஹ்ராடெக், என்றார்.
உங்கள் புத்தகத்தில் நான் பதினாலு.

எனக்குப் புரியவில்லை.
அவர் வருடம் சொன்னார், முப்பத்தெட்டு.
கவுண்டி அநாதை இல்லம் என்றார்.
கண்ணாடி போட்ட ஒருவர், படங்கள் வரைந்த அட்டைகள்,
ஒவ்வொரு விடைக்கும் ஒரு மிட்டாய்.
தனக்கு மிட்டாய் கிடைக்கவில்லை என்றார்.

ஆரின் ப்ரெஸ்டஜ் எழுதிய ஆய்வேடு,
மேல்தட்டில், இடமிருந்து ஒன்பதாவது.
அறுபத்தோராம் பக்கம்:
சிறுவன் 14. வயது எட்டு.
மறுமொழியில் கடும் தாமதம்.
பள்ளிக்கு உகந்தவன் அல்லன்.
பண்ணை வேலைக்குப் பரிந்துரை.

அவர் விரலை வரியின் கீழே வைத்து
மெல்லப் படித்தார்.
இரண்டாம் முறையும் படித்தார்.
பிறகு, பென்சில் கிடைக்குமா?

ஆய்வேட்டில் எழுதக் கூடாது.
சுவரில் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறது,
மாட்டியதே நான்தான்.
பென்சிலைக் கொடுத்துவிட்டு
காபி எடுத்து வருகிறேன் என்று போனேன்.
வழக்கத்தைவிட நேரம் எடுத்துக்கொண்டேன்.

திரும்பியபோது அவர் இல்லை. பென்சிலும்.
பக்க ஓரத்தில்,
எடைச்சீட்டில் எழுதுவதுபோல் அழுத்தி:
விடை தெரியும். செக் மொழியில் தெரியும்.
ஆங்கிலச் சொல்லைத் தேடிக்கொண்டிருந்தேன்.

நான் யாரிடமும் சொல்லவில்லை.
ஆனால் அடுத்த வருடம் ஒரு மாணவி
அந்த ஆய்வேட்டைக் கேட்டாள். பிறகு இன்னொருவன்.
யார் அனுப்புகிறார்கள், தெரியாது.
அட்டைகளைத் தூக்கிப்போட்டுவிட்டு
தரையில் உட்கார்ந்து குழந்தைகளிடம் பேசும் ஒருத்தி
இங்கிருந்துதான் போனாள்.
அவளும் ஒரு மதியம் முழுக்க
அந்த அலமாரியின் கீழே உட்கார்ந்திருந்தாள்.
இப்போது அந்தப் புத்தகத்தை
எப்படிக் கையில் எடுத்தாலும்
அறுபத்தோராம் பக்கத்தில்தான் விரிகிறது.
ஓரம் கைப்பட்டு மஞ்சளாகிவிட்டது.

இதை இரண்டு பக்கத்தில் எங்கே வைப்பது?
பதினேழு எலிகளுக்கு முன்பா, பின்பா?

நேற்றும் துறைத்தலைவர் எட்டிப் பார்த்தார்.
முடிந்ததா?
தாமதமாகும் என்றேன்.
குறித்துக்கொண்டார்.